பழைய வளைவின் பதினொரு மரங்கள்

மழை பெய்தால் நான் இன்றும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். ரோட்டு மேஸ்திரியாக ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. என் பொறுப்பில் ஒரு முழம் ரோடுகூட இப்போது கிடையாது. ஆனாலும் ஓட்டின்மேல் விழுகிற சத்தம் கனக்க ஆரம்பித்ததும் எந்த ஓடைப்பாலத்தில் சவறும் குப்பையும் அடைத்திருக்கும், எந்த மரம் சாய்ந்திருக்கும் என்று மனசு கிழக்கிலிருந்து மேற்காக ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்க்கத் தொடங்கிவிடும். என் மனைவி, "அந்த ரோட்டுக்கு இப்பம் வேற ஆளு உண்டு, சும்மா கெடங்க" என்பாள். அந்த வேறு ஆள் நீங்கள்தான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். உங்களில் டிப்ளமோ படித்தவர்கள் இருக்கிறீர்கள். குழி எப்படி அடைப்பது, தார் எப்படி ஊற்றுவது என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, அதெல்லாம் நீங்களே பழகிக்கொள்வீர்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒரு மழைக்காலக் காலையில் நடந்த விஷயம். அதற்கு முன்னால் நான் செய்ததையும் அதற்குப் பின்னால் செய்யாமல் விட்டதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது புரியும்.

முதலில் ரோட்டைச் சொல்லிவிடுகிறேன். ராஜா காலத்தில் அது வெறும் வண்டித்தடம். கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் கிழக்கே போகும். வயல்காட்டிலிருந்து நெல் மேற்கே வரும். சேறு இல்லாத இடமாகப் பார்த்து வண்டிக்காரன் மாட்டைத் திருப்பினான். அவன் திருப்பிய வழியிலேயே பின்னால் கல் போட்டார்கள். பிறகு தார் வந்தது, பஸ் வந்தது, மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, மைல்கல் போய்க் கிலோமீட்டர் கல் வந்தது, மாநில நெடுஞ்சாலை என்று பெயரும் வந்தது. வளைவுகள் மட்டும் அப்படியே கிடந்தன. நம் ரோட்டில் காரணம் இல்லாத வளைவு கிடையாது. மிஷன் கோயிலுக்குக் கிழக்கே உள்ள திருப்பம் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. அதற்கடுத்தது, ஒரு வீட்டுக்காரர் தன் நாற்றங்காலை விட்டுக்கொடுக்காததால் வந்தது. இருப்பதிலேயே பெரியது ஆம்பக்குளத்து வளைவு. குளத்தின் தென்கரையை ஒட்டி வில் மாதிரி வளைந்து போய் மறுபடி நேராகும். வளைவு நெடுகக் குளத்துப் பக்கமாகப் பதினொரு மரங்கள். எட்டு புளி, மூன்று வாகை. நாற்பத்தொன்று முதல் ஐம்பத்தொன்று வரை நம்பர்.

நம்பர் என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரோட்டோர மரம் ஒவ்வொன்றும் நம் பதிவேட்டில் உண்டு. வருடத்துக்கு ஒரு முறை மரத்தில் சுண்ணாம்பு அடித்து, நடுவில் கறுப்புப் பட்டை போட்டு, அதில் நம்பர் எழுத வேண்டும். இருட்டிலும் மழையிலும் வண்டிக்காரனுக்கு ரோட்டின் ஓரம் தெரியவும் அதுதான் உதவும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இருந்த மேஸ்திரிக்கு இந்த நம்பரால் ஒரு கஷ்டம் வந்தது. யாரோ ஒரு புளியை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வருடம் அந்த மரத்தில் மட்டும் சுண்ணாம்பு விட்டுப்போயிருந்தது. பட்டா நிலத்து மரம் என்று வெட்டியவன் சாதித்துவிட்டான். விசாரணையில் மேஸ்திரியிடம், "நம்பர் இல்லாத மரம் எப்படி ஓய் நம்ம மரம்?" என்று கேட்டார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க வேலையில்லாமல் அவர் வீட்டில் இருந்தார். ஒரு நாள் பார்க்கப் போனேன். சட்டையும் போடாமல் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி, "நம்பரு இருந்தா பட்டை இருக்கணும். பட்டை இல்லேண்ணா நீ செத்த" என்று என்னிடம் சொன்னார். அதை நான் அப்படியே விழுங்கிக்கொண்டேன். இயல்பிலேயே நான் பயந்தாங்கொள்ளி. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். அந்தப் பயத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

நான் மேஸ்திரியான பிறகு ஆம்பக்குளத்து வளைவை நேராக்கினார்கள். வயல் பக்கம் நிலம் எடுத்து, மண் உயர்த்தி, வில்லுக்கு நாண் கட்டின மாதிரி புது ரோடு போட்டார்கள். பழைய வளைவைத் தோண்டி அதிலிருந்த சரலையும் ஜல்லியையும் புதுக் கரைக்கே எடுத்துப் போட்டார்கள். வளைவு இருந்த இடத்தில் இரண்டாள் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. ஓரக் கற்களை மழைக்குப் பிறகு நடலாம் என்று வைத்திருந்தார்கள். மரங்கள் மட்டும் பழைய வளைவின் ஓரத்திலேயே நின்றன. பதிவேட்டிலும் இருந்தன.

புரட்டாசியில் சுண்ணாம்பு அடிக்கிற வேலை வந்தது. எங்கள் கேங்கில் ஏசுவடியாள் என்று ஒரு பெண். புருஷன் வேலையிலிருக்கும்போதே இறந்துபோனதால் அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. வாய் கொஞ்சம் நீளம், வேலையில் பழுது சொல்ல முடியாது. நாற்பதாம் மரம் முடிந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு நான் பழைய வளைவுக்குள் இறங்கினேன். அவள் புது ரோட்டிலேயே நின்றாள்.

"மேஸ்திரியண்ணே, அங்கின எங்க போறிய?"

"நாப்பத்தொண்ணு இஞ்சதானே பிள்ளே நிக்குது."

"மரம் நிக்குது. ரோடு எங்க நிக்குது? ரோடே இல்லாத இடத்துல மரத்துக்கு என்னத்துக்கு வெள்ள? குளத்து மீனுக்கு வழி காட்டவா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. "நம்பரு பதிவேட்டுல கெடக்குல்லா? நாளைக்கு ஒருத்தன் வந்து வெட்டிட்டுப் போனா ஒங்கப்பனா பதில் சொல்லுவான்?"

"எங்கப்பன் கல்லறையில கெடக்கான், அவனை எதுக்கு இழுக்கிய? ஆபீசுல ஒரு வார்த்த கேளுங்க, இந்த மரத்தப் பதிவேட்டுலேருந்து தள்ளிருவமாண்ணு."

கேட்டிருக்கலாம். உதவிப் பொறியாளருக்கு ஒரு போன் போதும். ஆனால், "இதக்கூடத் தெரியாதா உமக்கு?" என்று சொல்லிவிடுவாரோ என்று அதற்கும் பயம். பதினொரு மரத்துக்கும் சுண்ணாம்பு அடித்தோம். அவளும் முணுமுணுத்துக்கொண்டே அடித்தாள். அடித்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது வெள்ளையும் கறுப்புமாக வரிசை பார்க்க நன்றாக இருந்தது. அந்த வருடத்தில் மனசு நிம்மதியாக இருந்த சில நாட்களில் அதுவும் ஒன்று.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் காலையில் ஆம்பக்குளம் கரைமேல் ஏறிவிட்டது. ஆறு மணிக்கு நான் கிழக்குப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது புது ரோட்டின்மேல் முட்டளவு தண்ணீர். ரோடு, வயல், குளம் எல்லாம் ஒரே கலங்கல். புது ரோட்டின் ஓரம் காட்ட ஒரு கல்லும் இல்லை. தண்ணீருக்கு நடுவே நிமிர்ந்து தெரிந்தவை பதினொரு மரங்கள் மட்டும்தான்.

ஏசுவடியாள் எனக்கு முன்னாலேயே வந்து சிவப்புக் கொடியோடு நின்றாள். இன்னொருத்தனை மேற்குப் பக்கம் அடைக்க அனுப்பினேன். தண்ணீருக்குள் போக முடியாது, பாசனச் சானல் கரை வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். அவன் பாதி வழி போயிருப்பான். அப்போது மேற்கே மழைக்குள் இரண்டு விளக்கு தெரிந்தது.

அது மீன் டெம்போ. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வடசேரிச் சந்தைக்குப் போகிற வண்டி. ஓட்டியவன் பெயர் மரியதாஸ். அவன் மஸ்கட்டில் ஆறு வருடம் டிரைவராக இருந்துவிட்டு அந்த வாரம்தான் ஊருக்கு வந்திருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. போவதற்கு முன்னால் இதே ரோட்டில் வருடக்கணக்காக ஓட்டியவன். வளைவை நேராக்கியது அவனுக்குத் தெரியாது. பக்கத்தில் அவன் அம்மா சிலுவம்மாள் இருந்தாள். மகன் வந்துவிட்டான், இனி வேறு ரோட்டில் சுற்றிப் போகிற பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம் என்று அன்றைக்குத்தான் முதல்முதலாக அவன் வண்டியில் மீன் ஏற்றி வந்திருந்தாள்.

நாங்கள் இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினோம். மழையில் எங்கள் சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை. வண்டி தண்ணீர் ஓரத்தில் நின்றது. திரும்பிப் போய்விடுவான் என்று நினைத்தேன். அவன் திரும்பவில்லை. கண்ணாடியைத் தாழ்த்தித் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். பிறகு மெல்ல வண்டியை எடுத்தான். நடக்கிறவன் முந்திவிடுகிற வேகம். மரங்களை ஒரு பக்கமாக, எப்போதும் இருக்கிற தூரத்தில் வைத்துக்கொண்டு, ஐம்பத்தொன்று, ஐம்பது, நாற்பத்தொன்பது என்று ஒவ்வொரு பட்டையாகப் பார்த்துப் பார்த்து வந்தான். அவ்வளவு கவனமாக வண்டி ஓட்டிய ஒருவனை என் வேலைக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

நாற்பத்தேழுக்கு நேராக, பள்ளம் தொடங்குகிற இடத்தில், வண்டியின் மூக்கு கீழே போனது.

நான் தண்ணீரில் சாடினேன். எனக்கு நீந்தத் தெரியும். ஆனால் போய்ச் சேர நேரமாகிவிட்டது. மரியதாஸ் கண்ணாடி வழியாக வெளியே வந்து, மறுபடி மறுபடி முங்கிக்கொண்டிருந்தான். அம்மா இருந்த பக்கத்துக் கதவு சேற்றில் பதிந்துவிட்டது. வயலில் மடை திறக்க வந்திருந்த ஆட்கள் ஓடி வந்து கயிறு போட்டு வண்டியை அசைத்து, சிலுவம்மாளை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. அவன் அவளைக் கரையில் கிடத்தி, முகத்தில் ஒட்டியிருந்த பாசியை விரலால் எடுத்துக்கொண்டே இருந்தான். "வெள்ளப் பட்டையப் பாத்துதான் வந்தேன்… பட்டையப் பாத்துதான் வந்தேன்…" என்று அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

அன்று பிற்பகல் தண்ணீர் கொஞ்சம் வடிந்தது. நான் வீட்டுக்குப் போகவில்லை. வெட்டுகத்தியை எடுத்துக்கொண்டு பழைய வளைவின் ஓரமாக இறங்கினேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று, நாற்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தொன்று வரை, பட்டையோடு சேர்த்துச் சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்தேன். அடுத்த வண்டி எதுவும் அதைப் பார்த்து இறங்கிவிடக் கூடாது, பள்ளிக்கூட வேன் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் இல்லை. ஆனால் அது மட்டும்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஏசுவடியாள் புது ரோட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை போலீஸ் இடத்தைப் பார்க்க வந்தது. மரியதாஸையும் கூட்டி வந்திருந்தார்கள். நெற்றியில் கட்டு. எங்கள் உதவிப் பொறியாளர் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஓரமாக நின்றார்.

"எந்த மரம்லே? காட்டு" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

மரியதாஸ் கையை நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றது. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குக் கண் போனது. கடைசி மரம் வரை போய்த் திரும்பி வந்தது.

"நேத்து வெள்ளப் பட்டை இருந்துது சார்."

"நேத்து ஒனக்கு என்னெல்லாமோ இருந்திருக்கும். ராத்திரி என்னத்தக் குடிச்ச?"

"குடிக்க மாட்டேன் சார். எங்கம்ம கூட இருக்கும்போ நான்… இருந்து சார். வெள்ளையும் கறுப்புமா இருந்து."

"மரத்துல பட்டை உரிஞ்சு கெடக்கு. அதப் பாத்தியோ என்னவோ." சப்-இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி, நீரு சொல்லும். என்ன பாத்தீரு?"

மரியதாஸ் என்னைப் பார்த்தான். முந்தின நாள் தண்ணீரில் அவன் தோளைப் பிடித்து இழுத்தவன் நான். அந்த நம்பிக்கையோடு பார்த்தான். உதவிப் பொறியாளரும் பார்த்தார். வேலை போகும், பென்ஷன் போகும், என்னைப் பிடித்து உள்ளே போடுவார்கள், பிள்ளைகள் என்ன ஆகும் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. பழைய மேஸ்திரி சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தது வந்தது.

"நான் கெழக்கப் பக்கம் நின்னேன் சார்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். கவனக்குறைவாக வண்டி ஓட்டி மரணம் விளைவித்ததாக வழக்கு ஆனது.

அவர்கள் போன பிறகு ஏசுவடியாள் என் பக்கத்தில் வந்தாள். "நீங்க கெழக்கப் பக்கம் நின்னது எனக்கும் தெரியும். நானும் அங்கினதான் நின்னேன். ஆனா அவரு கேட்டது அது இல்லியே."

"நீயும் சேந்துதானே அடிச்ச" என்றேன். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தது.

"அடிச்சேன். எனக்க பேரையும் சேத்துச் சொல்லுங்க. எனக்கு ரெண்டு பெண்பிள்ள உண்டு, நானா போயி முதல்ல வாயத் தொறக்க எனக்குத் தைரியம் இல்ல. நீங்க சொன்னா பொறத்தால நிப்பேன்."

நான் சொல்லவில்லை. நாளை சொல்லலாம் என்று இருந்தேன். நாளை என்பது இரண்டரை வருடம் ஆனது.

இந்த இரண்டரை வருடத்தைப் பற்றி நிறைய எழுதலாம், எழுதி என்ன பயன்? தூங்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றெல்லாம் சொன்னால் நான் என்னமோ கஷ்டப்பட்ட மாதிரி ஆகிவிடும். கஷ்டப்பட்டது அவன். வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டான். துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலைக்குப் போனான். குவைத்தில் இருந்த அண்ணன் அவனோடு பேசுவதில்லை. ஊரில் அவனுக்கு ஒரு பெயர் விழுந்துவிட்டது, அதை நான் எழுத மாட்டேன். இதெல்லாம் ஏசுவடியாள் மீன் வாங்கப் போகிற இடத்தில் கேட்டு வந்து என்னிடம் சொல்வாள். குத்திக்காட்டுகிற மாதிரிச் சொல்ல மாட்டாள். மண் வெட்டிக்கொண்டே, மழை வரும்போலிருக்கு என்று சொல்வது மாதிரிச் சொல்வாள். ஒரு தடவை நானே துறைமுகத்துக்குப் போனேன். முட்டளவு பூட்ஸ் போட்டுக்கொண்டு ஐஸ் கட்டியை உடைத்துக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. வயது முப்பத்தைந்துகூட இருக்காது. அரைக் கிலோ சாளை மீன் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. நான் அரசுத் தரப்புச் சாட்சி. ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது.

அன்றைக்குப் பதினொரு மணிக்குக் கோர்ட்டு வராந்தாவில் நின்றேன். சாட்சிகளைக் கூப்பிட வந்த போலீஸ்காரர், "மேஸ்திரி, உமக்கு இன்னைக்கு வேலை இல்ல. அவன் குத்தத்த ஒத்துக்கிடப் போறானாம். வக்கீலு சொல்லிக் குடுத்திருக்காரு, சீக்கிரம் முடிஞ்சிரும்ணு. நீரு வீட்டுக்குப் போவும். சாட்சியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கால்கள் தாமாகவே படி இறங்கின. பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துவிட்டேன். பஸ்ஸும் வந்து நின்றது. ஏறி, கம்பியைப் பிடித்தேன். அப்போது ஒன்று தோன்றியது. குடிக்காதவன், அவ்வளவு மெல்ல ஓட்டியவன், எதை ஒத்துக்கொள்ளப் போகிறான்? கண்டக்டர், "உள்ள கேறும் ஓய், வாசல்ல நிண்ணு தவம் பண்ணுகீரு" என்றார். இறங்கிவிட்டேன்.

மரியதாஸ் வராந்தாவின் கோடியில் சுவரில் சாய்ந்து நின்றான்.

"மக்கா, ஒத்துக்காத" என்றேன்.

அவன் என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தான். பிறகு தெரிந்துகொண்டான். "விடுங்க மேஸ்திரி. எனக்கு மதியாயிட்டு, போதும். எனக்க தப்புதானே."

"எப்படிலே ஒனக்க தப்பு? நீ பட்டையப் பாத்துதானே வந்த?"

"பட்டை இல்லியே. நானும் பாத்தேம்லா மறுநாளு. மொதல்ல ஒரு வருசம் இருந்துண்ணு சண்ட போட்டேன். பெறவு யோசிச்சேன். வயலுல நிண்ணவங்களும் கவனிக்கல்லேங்காங்க. போலீசு எடுத்த போட்டோவுலயும் இல்ல. அப்பம் எனக்க கண்ணுதான் தப்பாட்டு பாத்திருக்கு. வெளிநாட்டுல வெயிலு, ஒறக்கம் இல்ல, என்னமோ ஒண்ணு. எங்கம்மைய நான்தான்…"

நான் அவனுடைய பெயரைத்தான் கெடுத்தேன் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அவன் கண்ணையே அவனிடமிருந்து பிடுங்கிவிட்டிருக்கிறேன்.

"இருந்து மக்கா" என்றேன். "வெள்ளப் பட்டை இருந்து. நானாக்கும் அடிச்சேன். அண்ணைக்கு மத்தியானம் நானேதான் சொரண்டினேன்."

அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் என் கையைப் பிடித்தான். ஐஸில் கிடந்து வெடித்துப்போன கை.

"இருந்துதா?"

"இருந்து."

"சத்தியமாட்டு?"

"எனக்க பிள்ளமாருமேல சத்தியம்."

"நாப்பத்தேழுலயும்?"

"நாப்பத்தேழுலயும் இருந்து."

அவன் குற்றத்தை ஒத்துக்கொள்ளவில்லை, அன்றே என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். சொன்னேன். அரசு வக்கீல் என்னை முறைத்தார், மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். அடுத்த வாய்தாவில் ஏசுவடியாளும் வந்து சொன்னாள். அவனை விடுவித்தார்கள். எனக்கும் அவளுக்கும் மெமோ வந்தது, விசாரணை நடந்தது, எனக்குத் துறையில் தண்டனை கிடைத்தது. அவளை எச்சரித்து விட்டார்கள். ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலையோ டீ பிஸ்கட்டோ கிடையாது. கிடைத்திருந்தாலும் வாங்க எனக்கு முகம் இருந்திருக்காது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இரண்டுதான். ரோடு மாறினால் பழைய ரோட்டின் அடையாளத்தை அன்றே அழித்துவிடுங்கள். எந்த ஆர்டருக்கும் காத்திருக்க வேண்டாம், எந்தப் பதிவேட்டுக்கும் பயப்பட வேண்டாம். பயப்படுவது தப்பில்லை. நம் வேலையில் பயம் இல்லாதவன் ஆபத்தானவன். ஆனால் நான் மேலே இருந்து வரும் காகிதத்துக்குப் பயப்பட்டு, எதிரே மழையில் வண்டியோடு வருகிறவனுக்குப் பயப்படாமல் இருந்தேன். இரண்டாவது, தப்பு உங்கள் கையால் நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஒரு நாள் தள்ளினால் அது வேறொருவன் தலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு நீங்கள் சொன்னாலும் முழுதாக வெளியே வராது.

சாட்சி சொல்லிவிட்டு நான் வெளியே வந்த அன்று மத்தியானம், மரியதாஸ் கோர்ட்டு வாசல் மரத்தடியில் எனக்காக நின்றான்.

"உங்க போனத் தருவியளா? எனக்க நம்பர்லேருந்து விளிச்சா அண்ணன் எடுக்க மாட்டான்."

கொடுத்தேன். அவனே நம்பர் போட்டு, மணி அடிக்க ஆரம்பித்ததும் என்னிடம் நீட்டினான். "நீங்க சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டான்."

மறுமுனையில், "ஆராக்கும்?" என்று ஒரு குரல். பின்னால் இயந்திரம் ஓடுகிற சத்தம்.

"நான் ஆம்பக்குளத்து ரோட்டு மேஸ்திரி" என்று ஆரம்பித்தேன். கூண்டில் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. மரத்தைச் சொன்னேன், சுண்ணாம்பைச் சொன்னேன், வெட்டுகத்தியைச் சொன்னேன். "உங்க தம்பி பையப் பைய, ரொம்பப் பாத்துதான் ஓட்டினான். நான் கண்ணால பாத்தேன்" என்றேன். லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை போனைப் பார்த்தேன்.

"இத இப்பமா சொல்லுகீரு?"

"ஆமா."

"அம்மைய அடக்கும்போ பெட்டியத் தொட அவனை நான் விடல்ல ஓய். நாலு பேரு பாக்கத் தள்ளிவிட்டேன். அது தெரியுமா உமக்கு?"

எனக்குத் தெரியாது.

"அவன் எங்க நிக்கான்?"

"பக்கத்துலதான்."

"கரையுகானா?"

நான் மரியதாஸைப் பார்த்தேன். அவன் அழவில்லை. "இல்ல" என்றேன்.

"போனக் குடும்."

மரியதாஸ் கையைச் சட்டையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு போனை வாங்கினான். காதில் வைத்து, "அண்ணே" என்றான். மரத்தின் பக்கமாகத் திரும்பி, நெற்றியை அதில் முட்டுக்கொடுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றான். அந்த இடத்தில் நிற்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். போன் என்னுடையது என்பதால் கொஞ்சம் தள்ளி நின்றேன்.